பன்னிரண்டாவது நாற்காலி

ஃபாதர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மண்டி போடவில்லை, உட்கார்ந்தேவிட்டார். வெள்ளை அங்கி சுற்றிலும் பரவிக் கிடக்க, அத்தனை பெரிய உடம்போடு மொசைக் தரையில் சம்மணம் போட்டுவிட்டார். பெரிய வியாழன் மாலைப் பூசை. எல்லா ஃபேனும் சுற்றியும் கோயிலுக்குள் காற்று இல்லை. சாம்பிராணிப் புகை மேலே போய், நீலக் கண்ணாடி ஜன்னலின் வெளிச்சத்தில் போக மனமில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை.

ஃபாதருக்கு எதிரே பன்னிரண்டாவது நாற்காலி. அதில் என் அண்ணன் ஆரோக்கியம். இடது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

துண்டுகள் அடுக்கிய தட்டோடு பக்கத்தில் நான் நின்றேன். ஏன் இடது கால் என்று அந்தக் கோயிலில் அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில வருடங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் மதியத் தூக்கத்தில் கண் சொக்கும்போது அந்தக் கால் வருகிறது. நீட்டியபடியே நிற்கிறது. நான் எழுந்து முகம் கழுவிக்கொண்டு டீ போடப் போய்விடுவேன்.

அப்போஸ்தலர்களுக்கு ஒரு பார்லர்

போன வாரம் இந்தத் தொடரில் எழுதிய, என் பியூட்டி பார்லருக்கு முதல் நாற்காலி வாங்கிய கதையைப் படித்துவிட்டு, வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி, "உங்க கடைக்கு ஆம்பிளைங்களும் வருவாங்களாமே, நிஜமா?" என்று கேட்டிருந்தார். நிஜம்தான் அம்மா. வருடத்தில் ஒரே ஒரு நாள் வருவார்கள். அதுவும் பன்னிரண்டு பேர் மட்டும்.

வேதக்காரர் அல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இயேசு பிடிபட்ட ராத்திரி, அதற்கு முந்தின சாப்பாட்டு நேரத்தில், தன் சீடர்களான அப்போஸ்தலர்கள் பன்னிரண்டு பேருக்கும் வேலைக்காரனைப் போலக் கால் கழுவிவிட்டார். அதை நினைத்து வருடா வருடம் பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். வலது காலில் தண்ணீர் ஊற்றி, துண்டால் துடைத்து, முத்தம் கொடுப்பார். எங்கள் கோயில் பங்கில் தெருவுக்குத் தெரு அன்பியம் என்று ஒரு குழு உண்டு. வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லி, டீ குடித்து, கொஞ்சம் ஊர்வம்பும் பேசிக் கலைவார்கள். அன்பியத்துக்கு ஓர் ஆள் என்று பன்னிரண்டு பேரை அனுப்புவோம்.

ஒரு வருடம், மீன் ஏலக்கூடத்திலிருந்து நேராகக் கோயிலுக்கு ஓடிவந்த ஒருவரின் காலில் கவிச்சி அடித்தது. முத்தமிடக் குனிந்த அந்தக் காலத்துச் சாமியார் லேசாக மூச்சை இழுத்துப் பிடித்ததை முதல் வரிசை பார்த்துவிட்டது. முதல் வரிசை பார்த்தால் ராயபுரமே பார்த்த மாதிரி. கால் நீட்டியவரின் மனைவி ஒரு வாரம் தெருக்குழாய்ப் பக்கம் போகவில்லை.

அடுத்த வருடம் அந்தத் தெருவின் முறை வந்தபோது, தேர்வான ஆளை அவர் மனைவி கையைப் பிடித்து என் பார்லருக்கு இழுத்துவந்தாள். "தேச்சி வுடு ரீட்டா. சாமி மொகம் சுளிச்சா என் மானம் பூடும்" என்றாள். தேய்த்துவிட்டேன். அதற்கடுத்த வருடம் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். அப்படியே வழக்கமாகிவிட்டது.

பெரிய வியாழன் மதியம் என் கடையைப் பார்க்க வேண்டுமே! வெந்நீர், ஷாம்பு, கல்லுப்பு, பிழிந்த எலுமிச்சந்தோல். பிளாஸ்டிக் டப்புகளில் காலை வைத்துக்கொண்டு, கடலில் புயலுக்கே அசராத ஆட்கள் கூச்சத்தில் நெளிவார்கள். "ஏய், கிச்சுகிச்சு மூட்டாதமே" என்று கத்துவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தராகக் கண் அயர்வார்கள். ஜன்னல் திரை வழியாக வெயில் மஞ்சளாக இறங்கும். எங்கோ ரயில் போகும் சத்தம் வரும். தூங்கும் பன்னிரண்டு பேரின் கால்களுக்கு நடுவில் நான் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருப்பேன். அந்த மதியங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். காசு வாங்கமாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. நான் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருப்பதால், என் தலைக்கு மேலே அவர்கள் பேசுவார்கள். முகம் பார்த்துச் சொல்ல முடியாததை எல்லாம் சொல்வார்கள். பொண்டாட்டியை அடித்தது, தம்பியைப் பேச்சில் ஏமாற்றியது, பக்கத்துப் படகின் வலையை அறுத்தது. நான் ம் கொட்டுவதோடு சரி.

சுத்தமான காலைக் கழுவுவதற்குச் சாமியார் எதற்கு என்ற கேள்வி இத்தனை வருடத்தில் எனக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை.

யூதாஸ் நாற்காலி

பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருக்கும். கடைசி நாற்காலிக்கு எங்கள் ஊரில் யூதாஸ் நாற்காலி என்று பெயர். எந்தச் சாமியாரும் வைத்த பெயர் இல்லை. சனங்கள் வைத்தது.

அதில் உட்கார எவனும் ஒத்துக்கொள்ளமாட்டான். பூசை தொடங்கும் முன் முதல் நாற்காலியைப் பிடிக்க ஒரு பக்தியான தள்ளுமுள்ளு நடக்கும். கடைசியாக வருகிறவன் தலையில் அது விழும். அப்படி உட்கார்ந்தவனை அந்த வருடம் முழுக்க டீக்கடையில் "இன்னா யூதாசு, எவன காட்டிக் குடுத்தே?" என்று ஓட்டித் தள்ளுவார்கள். ஒரு தடவை துறைமுகத்து வின்ச் ஆபரேட்டர் ஒருவர் அதற்குப் பயந்து காலையிலேயே வந்து முதல் நாற்காலியில் துண்டு போட்டுவிட்டுப் போனார்.

எங்கள் ஊர்ப்பெயரே ராயப்பரிடமிருந்து வந்தது என்பார்கள். ராயப்பர் என்றால் பேதுரு. அன்றைக்கு இயேசுவிடம், தன் காலைக் கழுவ விடவேமாட்டேன் என்று அடம் பிடித்தவரும் அவர்தான். ஊருக்கு அந்தப் புத்தி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கடன் கொடுத்த பாவங்கள்

சின்ன வயதில் மாதம் ஒருமுறை எங்களைப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிறுத்துவார்கள். கூண்டுக்குள் போய் முட்டி போட்டு, மறுபக்கம் காது கொடுக்கும் சாமியாரிடம் செய்த பாவங்களைச் சொல்ல வேண்டும். என் தொல்லை என்னவென்றால் என்னிடம் சொல்வதற்குப் பாவமே இருக்காது. வரிசை நகர நகர அண்ணன் பக்கம் திரும்புவேன்.

"இன்னா சொல்லப் போறே?" என்பான் ஆரோக்கியம். என்னைவிட மூத்தவன்.

"தெரிலணா."

"சர்க்கர திருடித் துன்னேன்னு சொல்லு. என்துதான். நான் வேற வெச்சிகீறேன்."

அவனிடம் எப்போதும் ஸ்டாக் இருக்கும். எனக்கு ஒன்று, பின்னால் நிற்கும் மரியதாசுக்கு ஒன்று என்று பங்கு வைப்பான். மரியதாஸ் அவன் தோஸ்து. எதிர் வீடு. ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் புரண்டு வளர்ந்தவர்கள். பெரியவர்களானதும் ஒரே ஃபைபர் படகில் காசிமேட்டிலிருந்து தொழிலுக்குப் போனார்கள். மரியதாசுக்கு பிலோமினாவைப் பெண் பார்க்கப் போனதும் ஆரோக்கியம்தான். என் கல்யாணத்தில் மரியதாஸ் பாடிய பாட்டு வீடியோவில் இன்னும் இருக்கிறது. தாளம் தப்பி, சிரித்து, மறுபடியும் முதலிலிருந்து பாடுவான்.

மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர், அருள் என்றால் இலவசம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இலவசம் என்றால் அதற்கும் வரிசையில் நிற்க வேண்டும் என்றுதான் எங்கள் தெருவில் யாருக்கும் அர்த்தம். அதனால் நாங்கள் அந்தப் பாடத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

கடல் எடுத்துக்கொண்டது

ஒரு ஐப்பசி மாத விடியற்காலையில் அவர்கள் படகு கவிழ்ந்தது. கரைக்கு ரொம்பப் பக்கத்தில், அலையைத் தடுக்கக் கல் கொட்டிய இடத்துக்கு வெளியே. ஆரோக்கியம் ஒரு பிளாஸ்டிக் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தான், யாரோ தூக்கினார்கள். மரியதாசின் உடலைப் பொழுது சாய்வதற்குள் அலை கரையில் கொண்டுவந்து போட்டது.

ஊர் அதைக் கடல் செய்த காரியம் என்றது. காற்று சரியில்லை என்று மரியதாஸ் தயங்கினதும், "பயந்தா வூட்ல குந்து" என்று அண்ணன் கேலி பண்ணினதும், முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே அண்ணன் குடித்திருந்ததும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பிழைத்து வந்தவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் கடலில் கால் வைக்கவில்லை. குடியையும் விட்டான். கல்யாணம் வேண்டாம் என்றான். அத்திப்பட்டுப் பக்கம் போய், அனல்மின் நிலையத்துச் சாம்பலில் செங்கல் அறுக்கும் ஒரு சூளையில் சேர்ந்துகொண்டான். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்றால் வருவான். கோயிலுக்குள் வரமாட்டான். வெளியே மாதா சிலை வைத்த குகைக் கெபியின் ஓரத்தில், மெழுகுவத்திப் புகையில் முகம் தெரியாமல் நிற்பான். பூசையில் கொடுக்கும் நன்மை அப்பத்தை வாங்கி எத்தனையோ வருடம். கூப்பிட்டால், "இங்கிருந்தே கேக்குது, போ" என்பான்.

அப்புறம் அந்த நண்டு. லீவு நாட்களில் எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கி, சேற்றில் கைவிட்டு நண்டு பிடிப்பான். முதல் ரயிலில் வந்து, ஒரு பையில் அதை பிலோமினா வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு, என்னைக்கூடப் பார்க்காமல் திரும்பிவிடுவான். என் பார்லரும் அதன் பின்னாலுள்ள வீடும் அவள் வீட்டுக்கு எதிரே இருப்பதால் எனக்குத் தெரியும். யார் வைத்தது என்று அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

பிலோமினா மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். எங்கள் அன்பியத்துக்குத் தலைவி. அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் எங்கள் கூட்டத்தில் கால் கழுவ யாரை அனுப்பலாம் என்று பேச்சு வந்தபோது, அவள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆரோக்கியத்த அனுப்பலாம்" என்றாள்.

யாரோ, "அவரு இப்ப நம்ம அன்பியத்துல இல்லியே" என்று இழுத்தார்கள்.

"அவன் வூடு இங்கதான் கீது. அவன்தான் வெளிய பூட்டான்" என்றாள் பிலோமினா. அதோடு கூட்டம் முடிந்தது.

ஃபோனில் சொன்னேன். மறுமுனையில் சூளை இயந்திரம் இரைந்தது. "பிலோவா சொல்ச்சி?" என்றான். ஆமாம் என்றேன். "சரி, வரேன்" என்றான். அவள் கேட்டு எதையும் மறுக்க அவனால் முடியாது.

இரண்டு கால்கள்

அன்று மதியம் மற்ற பதினொரு பேரும் தேய்த்துப் பவுடர் போட்டுக்கொண்டு போன பிறகுதான் வந்தான். கடையில் வேறு யாரும் இல்லை. ஷாம்பு வாசனையும் ஈரத் தரையும் வெயிலும்தான்.

அவன் குதிகாலைப் பார்த்தேன். பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புகளில் சாம்பல் ஏறி, சிமென்ட் பூசினது போல் இறுகிப்போயிருந்தது. எங்களுக்கெல்லாம் சாம்பல் புதனன்று நெற்றியில் ஒரு பொட்டு. அவனுக்கு வருடம் முழுக்கக் காலில்.

இடது காலை எடுத்து டப்பில் வைத்தேன். ஊறவைத்துத் தேய்த்தேன். தண்ணீரை மாற்றி மறுபடியும் தேய்த்தேன். மெதுவாகத் தோல் தெரிந்தது. அண்ணனின் கால், சின்ன வயதில் என்னை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு மணலில் ஓடிய கால். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வலது காலுக்குக் கை நீட்டினேன்.

"அத்த உடு ரீட்டா."

"இன்னாணா, கூச்சமா? எல்லாரும் இப்டித்தான் சொல்வாங்கோ."

"சாமி எந்தக் கால கழுவுவாரு?"

"சோத்தாங்கால்தான். குடு."

"அது வேணா."

நான் சிரித்துக்கொண்டே அந்தக் காலைப் பிடித்துத் தண்ணீரில் வைத்தேன். என் தலைக்கு மேலே அவன் குரல் வந்தது. தூக்கத்தில் பேசுகிறவன் குரல் மாதிரி இருந்தது.

"மரியதாஸ் இந்தக் காலத்தான் புடிச்சான்."

நான் நிமிரவில்லை.

"ஒரு கேன்தான் கீது. ரெண்டு பேருக்கும் பத்தாது. அவன் என் லுங்கிய புடிச்சான், அப்பால இந்தக் கால புடிச்சான். உள்ள இஸ்துனு போறான். நான் ஒதச்சேன். ஒரு வாட்டி இல்ல ரீட்டா. அவன் கை உட்ற வரிக்கும் ஒதச்சேன். மூஞ்சி மேலதான் பட்ச்சி. அவன் என்ன பாத்துனே இருந்தான்."

வெந்நீரில் என் கைகள் இருந்தன. அவன் கால் இருந்தது. வீடியோவில் தாளம் தப்பிச் சிரிக்கும் அந்த முகம் எனக்கு வந்தது. என் கை தானாக வெளியே வந்துவிட்டது. நான் அப்படி நினைத்துச் செய்யவில்லை. ஆனாலும் அந்தக் காலைத் திரும்பத் தொட என்னால் முடியவில்லை.

அதை அவன் பார்த்துவிட்டான். காலை எடுத்து, ஈரத்தோடு செருப்பை மாட்டிக்கொண்டான். "பரவால்லமே" என்றான். திரை ஆடியது, போய்விட்டான்.

எத்தனையோ பேர் சொன்னதற்கு ம் கொட்டியவள் நான். என் கூடப் பிறந்தவன் சொன்னதற்கு அதுகூட வரவில்லை. ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதேன். மரியதாசுக்காக அழுதேனா, அண்ணனுக்காகவா என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது.

தரையில்

மாலையில் பதினொரு நாற்காலிகள் நிரம்பியிருந்தன. பன்னிரண்டாவது காலி. பிரசங்கம் முடியும்வரை காலி. அவன் அத்திப்பட்டு ரயில் ஏறியிருப்பான் என்றே நினைத்தேன். கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் வேறு ஆளைத் தேடிக் கூட்டத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். யூதாஸ் நாற்காலி என்றதும் எல்லோரும் மேலே கூரையைப் பார்த்தார்கள்.

அப்போது பக்கவாட்டுக் கதவு வழியாக அவன் உள்ளே வந்தான். கெபியில் நின்றிருந்திருக்கிறான். யாரையும் பார்க்காமல், நேராகப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான். அது தனக்கென்றே போட்டது என்பதுபோல் உட்கார்ந்தான்.

எங்கள் ஃபாதர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பெரிய உடம்பு, ரெண்டு முட்டியிலும் தேய்மானம். ஒவ்வொரு நாற்காலிக்கும் முனகிக்கொண்டே மண்டி போட்டு, முனகிக்கொண்டே எழுந்தார். உபதேசியார் ஜாடியைக் கொடுக்க, நான் துண்டைக் கொடுத்தேன். பவுடர் மணக்கும் கால்கள். தண்ணீர் மேலே பட்டு வழிந்து, பளிங்கு மாதிரி அப்படியே பேசினில் விழுந்தது.

பன்னிரண்டாவதுக்கு வந்தபோது முட்டி கைவிட்டுவிட்டது. ஃபாதர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் இடது காலை நீட்டினான். நான் தேய்த்துவிட்ட கால்.

"அது இல்லப்பா. வலது கால்."

அவன் அசையவில்லை. "இது போதும் சாமி" என்றான். உதடு மட்டும்தான் அசைந்தது.

ஃபாதருக்கு ஒன்றும் தெரியாது. அவர் அண்ணாந்து பார்த்தார். நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.

"எல்லார்ட்டயும் வலதுதாம்ப்பா வாங்குனேன். உனக்கு மட்டும் என்ன? தா. முட்டி வலிக்கு, ரொம்ப நேரம் உக்கார முடியாது."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு, அவன் கொடுக்கட்டும் என்று காத்திருக்காமல் அவரே குனிந்து, நாற்காலிக்கு அடியில் ஒளிந்திருந்த அந்தக் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வெள்ளை அங்கியில் சாம்பல் ஒட்டியது. மற்றவர்களுக்கு ஒருமுறை ஊற்றிய தண்ணீரை இதற்குத் திரும்பத் திரும்ப ஊற்றினார். வெடிப்புகளில் விரலை விட்டுத் தேய்த்தார். அழுக்கு இருந்ததால் தேய்த்தார், வேறு காரணம் ஒன்றும் இல்லை. பாட்டுக் குழு பாட்டை ஆரம்பித்து, முடித்து, மறுபடியும் அதையே முதலிலிருந்து பாடியது. பிறகு அவர் குனிந்து அந்தக் காலில் முத்தமிட்டார்.

அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. நான் துண்டை நீட்டியபடி நின்றேன். கோயில் முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டதுபோல் விளக்குகள் கலங்கின. அது என் கண்ணீர்தான்.

குரோட்டன்ஸ் செடியடியில்

அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டமாட்டோம். கோயிலுக்குப் பின்னால் குரோட்டன்ஸ் செடிகளுக்கு ஊற்றுவோம். பூசை முடிந்ததும் பேசினைத் தூக்கிக்கொண்டு போனேன். வருடா வருடம் தெளிவாக இருக்கும் தண்ணீர் அன்றைக்குச் சாம்பல் நிறத்தில் இருந்தது. பின்னாலேயே ஈரத் துண்டுகளை எடுத்துக்கொண்டு பிலோமினா வந்தாள்.

"இன்னாடி தண்ணி இப்டி கீது?"

"அண்ணன் காலு பிலோக்கா. சூளை சாம்பலு."

"சோத்தாங்காலுதானே? அவன் அத்த ஒளிச்சினு குந்தினு இருந்தத பாத்தேன்."

நான் பேசினைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் ஒரு துண்டைப் பிழிந்து உதறினாள். "அவர கரையில கெடத்தனப்போ, கைய புடிச்சினு நான் அழுதேன் இல்ல? கை மூடினு இருந்திச்சி. வெரலுக்குள்ள துணி. நீலக் கட்டம் போட்ட லுங்கித் துணி. அவரு அன்னிக்கி அரை டிராயர்ல போனாரு. போலீசு வர்றதுக்குள்ள உருவி முந்தானையில முடிஞ்சிக்கினேன்."

"அப்பவே தெரியுமா உனுக்கு?"

"தண்ணில முழுவறவன் கைல மாட்டினா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா? மீன்காரன் வூட்ல பொறந்தவ நானு." துண்டைக் கொடியில் போட்டாள். "தெரிஞ்சா மட்டும் மனசு கேக்குதா? அவன் சாவணும்னு கெபில மெழுகுவத்தி ஏத்தினேன் ரீட்டா. அவன் ஓரமா நின்னுனு இருப்பான். நான் அவன் பக்கத்துலயே நின்னு ஏத்துவேன். மாதாவுக்கே பேஜாராயிருக்கும்."

நான் இன்னொரு துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

"அவன் வெக்கிற நண்ட வருசக்கணக்கா பூனைக்குத்தான் போட்டேன். ஒரு நாளு காத்தால பைய தொறக்கறேன், நல்லா சதையா கீது. ஆக்கித் துன்னேன். துன்னு முட்ச்ச அப்பால தான் ஞாபகம் வந்திச்சி, அவன் வெச்சதுன்னு. கோவத்த தேடறேன், காணம். நான் ஒன்னியும் பெருசா மன்னிக்கல. அந்த மனசெல்லாம் எனக்கு ஏது? அதுவா பூட்ச்சி. மேல இருக்கறவரு வந்து புடுங்கினு போயிருக்கணும்."

"அண்ணன்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"நீ வாயத் தொறக்காத. அவனா வரட்டும். நான் எங்க போவப் போறேன், வாசல்லதான் குந்தினு கீறேன்."

தண்ணீரைச் செடியடியில் ஊற்றினேன். மண் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டது.

ஈஸ்டர்

பெரிய வெள்ளியன்று அண்ணன் என் வீட்டிலேயே இருந்தான். என்னோடு பேசவில்லை, தின்னக் கொடுத்ததைத் தின்றான், தூங்கினான். அத்தனை தூக்கம் அவன் தூங்கி நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை விடியும்போது பாய் காலியாக இருந்தது. அத்திப்பட்டுக்குப் போய்விட்டான் என்று நினைத்தேன். வாசலைத் திறந்தால் எதிர் வீட்டுப் படியில் நண்டுப் பை.

ஈஸ்டர் ஞாயிறு. பூசை முடிந்து தெரு முழுக்கப் பிரியாணி வாசனை. துறைமுகப் பக்கத்துக் காற்று கொஞ்சம் உப்பாக வீசியது. பார்லருக்குள் திரையை மாற்றிக்கொண்டிருந்தவள், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணன் தெருவில் வந்துகொண்டிருந்தான். வெறுங்காலோடு வந்தான். பிலோமினா வீட்டெதிரில் நின்றான். இத்தனை வருடமாக இருட்டு பிரியும் முன் வந்து போன படிக்கு எதிரில், நட்ட நடு வெயிலில், தெருவே பார்க்க நின்றான்.

அவள் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"பிலோ" என்றான். "உன்கிட்ட ஒன்னு சொல்லணும்."

அவள் எழுந்து உள்ளே போனாள். அவன் அப்படியே நின்றான். கதவைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான், ஒரு அடி பின்னால் வைத்தான்.

அவள் கையில் தட்டோடு வந்தாள். சோறு, அதன் மேல் சிவக்கச் சிவக்க நண்டுக் குழம்பு. தட்டைப் படியில் வைத்து, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்தாள்.

"நீ வெச்ச நண்டுதான்" என்றாள். "குந்து. துன்னுட்டு அப்பால சொல்லு."